புரொஜெக்டர் ரிமோட்: பொத்தானுக்குப் பின்னால் நடப்பவை

புரொஜெக்டரின் ரிமோட் ஒரு கைவிளக்கு. அதன் மூக்கில் பதிந்திருக்கும் பட்டாணி அளவு எல்இடி, பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் பளிச்சிடுகிறது. அந்த வெளிச்சம் அகச்சிவப்புக் கதிர் என்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவுதான். இதை விளக்கு என்று மனத்தில் வைத்துக்கொண்டாலே ரிமோட்டின் குணங்களில் பாதி விளங்கிவிடும். டார்ச் வெளிச்சம் சுவரைத் தாண்டாது. ரிமோட்டின் கதிரும் தாண்டாது. அதனால்தான் ஒரு வகுப்பறையில் அழுத்தும் பொத்தான் பக்கத்து வகுப்பறைப் புரொஜெக்டரை அணைத்துவிடுவதில்லை. கண்ணாடிக் கதவு போட்ட அலமாரிக்குள் டார்ச் ஒளி நுழையும். ரிமோட்டின் கதிரும் நுழையும். டார்ச்சை வெள்ளைச் சுவரில் அடித்தால் அறை முழுக்க மங்கலாய் வெளிச்சம் பரவுகிறதல்லவா, அதேபோல ரிமோட்டின் கதிரும் வெள்ளைத் திரையில் பட்டு நாலாபக்கமும் சிதறும். இந்தக் கடைசிக் குணம் மேடையில் நிற்பவருக்கு மிகவும் பயன்படும்.

மனிதக் கண் ஏறத்தாழ 380 முதல் 750 நானோமீட்டர் வரையிலான அலைநீளங்களைத்தான் காண்கிறது. ரிமோட்டுகளில் இருக்கும் எல்இடி பெரும்பாலும் 940 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளிர்கிறது. சிவப்புக்கு அப்பால் இப்படியோர் ஒளி உண்டு என்பதை 1800ஆம் ஆண்டு வில்லியம் ஹெர்ஷல் கண்டறிந்தார். சூரிய ஒளியை முப்பட்டகத்தால் நிறங்களாகப் பிரித்து ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தவர், சிவப்பு முடிந்த பிறகு வரும் இருண்ட இடத்திலும் வெப்பநிலை உயர்வதைக் கவனித்தார். கண்ணுக்குத் தெரியாத இந்த ஒளியைச் சிலிக்கான் நன்றாகவே உணர்கிறது. ரிமோட்டின் கதிரைப் பெறும் உணரியும் சிலிக்கான்தான், கைபேசிக் கேமராவின் உணரியும் சிலிக்கான்தான். எனவே ரிமோட் பழுதா என்று பார்க்கக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். கைபேசியின் கேமராவைத் திறந்து, ரிமோட்டின் மூக்கை அதன்முன் பிடித்து ஒரு பொத்தானை அழுத்தினால் திரையில் வெளிர் ஊதாவாக ஒரு புள்ளி மினுக்கும். சில கைபேசிகளின் பின்பக்கக் கேமராவில் அகச்சிவப்பைத் தடுக்கும் வடிகட்டி வலுவாக இருக்கும். அப்போது செல்ஃபி கேமராவில் பார்க்கலாம். புள்ளி மினுக்கினால் ரிமோட்டும் பேட்டரியும் வேலை செய்கின்றன. கோளாறைப் புரொஜெக்டர் பக்கம் தேட வேண்டும்.

வெறும் வெளிச்சத்தை மட்டும் கட்டளையாக வைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதைத் தொலைக்காட்சி ரிமோட்டின் வரலாறு காட்டிவிட்டது. அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம் 1950இல் விற்ற 'லேஸி போன்ஸ்' என்ற ரிமோட்டில் நீளமான வயர் இருந்தது. நடப்பவர்கள் காலில் அது இடறியது. அதே நிறுவனத்தின் பொறியாளர் யூஜின் போலி 1955இல் 'ஃப்ளாஷ்மேட்டிக்' என்ற வயரில்லா ரிமோட்டை உருவாக்கினார். அது துப்பாக்கி வடிவில் இருந்த ஒரு டார்ச். தொலைக்காட்சியின் நான்கு மூலைகளிலும் ஒளியுணரிகள் இருந்தன. எந்த மூலையில் வெளிச்சம் விழுகிறதோ அதற்குரிய வேலை நடக்கும். சாயங்கால வெயில் சன்னல் வழியே ஒரு மூலையில் விழுந்தாலும் அந்த வேலை நடந்துவிடும். அதைச் சரிசெய்ய 1956இல் ராபர்ட் ஆட்லர் ஒளியை விட்டுவிட்டு, காதுக்குக் கேட்காத மீயொலியைப் பயன்படுத்தினார். பொத்தானை அழுத்தினால் உள்ளே ஒரு சிறு சுத்தியல் அலுமினியத் தண்டைத் தட்டும், பேட்டரியே தேவையில்லை. 1980களில் மீண்டும் ஒளிக்கே திரும்பினார்கள். இம்முறை ஒளிக்குப் பேசக் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

அந்தப் பேச்சு இரண்டு அடுக்குகளால் ஆனது. முதல் அடுக்கு, துடிப்பு. ரிமோட்டின் எல்இடி எரியும்போது நிலையாக எரிவதில்லை. விநாடிக்குச் சுமார் 38,000 முறை எரிந்து அணைகிறது. வானொலியில் ஊர்தி அலை செய்யும் வேலையை இங்கே இந்தத் துடிப்பு செய்கிறது. வெயிலிலும் அகச்சிவப்பு நிறைய உண்டு, ஆனால் அது துடிப்பதில்லை. குண்டு பல்பின் ஒளி, வீட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், விநாடிக்கு 100 முறை லேசாக ஏறி இறங்கும். புரொஜெக்டரின் உணரியோ 38 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய துடிப்பை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு மற்றதையெல்லாம் தள்ளிவிடும். சந்தை இரைச்சலுக்கு நடுவே தன் பெயர் கூப்பிடப்படுவது மட்டும் ஒருவருக்குத் தனியாகக் கேட்கிறதே, அதுபோல.

இரண்டாவது அடுக்கு, எழுத்து. ஜப்பானின் என்ஈசி நிறுவனம் வகுத்த முறை பரவலாகப் பயன்படுவதால் அதையே எடுத்துக்கொள்ளலாம். பொத்தானை அழுத்தியதும் ரிமோட் முதலில் 9 மில்லிவிநாடிக்கு விடாமல் துடிக்கிறது, பிறகு 4.5 மில்லிவிநாடி மௌனம். 'கவனி, சொல்லப்போகிறேன்' என்பதற்கான தொண்டைக் கனைப்பு இது. அடுத்து 32 பிட்டுகள் வருகின்றன. ஒவ்வொரு பிட்டின் தொடக்கத்திலும் சுமார் 21 துடிப்புகள் கொண்ட ஒரு சிறு கொத்து. அதன்பின் ஓர் இடைவெளி. இடைவெளி குட்டையாக இருந்தால் பூஜ்யம், மூன்று மடங்கு நீண்டால் ஒன்று. முதல் 8 பிட் முகவரி: எந்தக் கருவிக்கு இந்தக் கட்டளை என்பது. அடுத்த 8 பிட் அதே முகவரியைப் பூஜ்யத்துக்கு ஒன்றாகவும் ஒன்றுக்குப் பூஜ்யமாகவும் புரட்டிச் சொல்கிறது. பிறகு 8 பிட் கட்டளை, மறுபடி அதன் புரட்டு. இரண்டும் ஒத்துப்போனால்தான் புரொஜெக்டர் கீழ்ப்படியும். வழியில் ஒரு பிட் சிதைந்திருந்தாலும் பேசாமல் இருந்துவிடும்.

இந்தப் புரட்டலில் ஓர் அழகான உபரி லாபம் இருக்கிறது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் செய்தியில் சரியாக 16 பூஜ்யங்களும் 16 ஒன்றுகளும் இருக்கும். பூஜ்யத்துக்கு 1.125 மில்லிவிநாடி, ஒன்றுக்கு 2.25 மில்லிவிநாடி, ஆகவே எல்லாக் கட்டளைகளும் ஒரே நீளம், தொடக்கக் கனைப்பையும் சேர்த்து 67.5 மில்லிவிநாடி. எங்கே முடியும் என்பது உணரிக்கு முன்கூட்டியே தெரியும். விரலை எடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தால் முழுச் செய்தியும் திரும்ப வராது. 'இன்னும் அழுத்திக்கொண்டிருக்கிறார்' என்று பொருள்படும் ஒரு குட்டிச் சமிக்ஞை மட்டும் 108 மில்லிவிநாடிக்கு ஒருமுறை போய்க்கொண்டிருக்கும். ஒலியளவுப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் சத்தம் படிப்படியாக ஏறுவது இதனால்தான்.

பொத்தானின் அடியில் இருப்பது மிக எளிய அமைப்பு. ரப்பர் பொத்தானின் வயிற்றில் கார்பன் கலந்த ஒரு வட்டம். அதற்குக் கீழே சர்க்யூட் பலகையில் ஒன்றையொன்று தொடாத இரண்டு செப்புத் தடங்கள். அழுத்தும்போது கார்பன் வட்டம் இரண்டையும் இணைக்கிறது. ஒவ்வொரு பொத்தானுக்கும் தனித்தனியாக வயர் இழுக்காமல் பலகணி போல வரிசை, நிரல் என்று பின்னியிருப்பார்கள். 4 வரிசையும் 8 நிரலும் இருந்தால் 12 இணைப்புகளிலேயே 32 பொத்தான்களை அடையாளம் காணலாம். துடிப்பின் வேகத்தைக் காப்பாற்றுவது பல ரிமோட்டுகளில் 455 கிலோஹெர்ட்ஸில் அதிரும் ஒரு பீங்கான் துண்டு. அந்த எண்ணை 12ஆல் வகுத்தால் 38க்குச் சற்றே குறைவாக வரும். ரிமோட் தரையில் விழுந்து செத்துப்போகும்போது பல நேரங்களில் உடைந்திருப்பது இந்தத் துண்டுதான்.

புரொஜெக்டர் பக்கம் பார்த்தால், உணரி ஒரு கறுத்த பிளாஸ்டிக் சில்லுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும். அந்தப் பிளாஸ்டிக் கண்ணுக்குத்தான் கறுப்பு. அகச்சிவப்புக்கு அது கண்ணாடி. பெரும்பாலான மாடல்களில் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என இரண்டு சில்லுகள் இருக்கும். நேராகக் காட்டினால் 6 முதல் 10 மீட்டர் தூரம் வரை கட்டளை எட்டும். பக்கவாட்டில் சுமார் 30 டிகிரிக்கு மேல் விலகினால் பிடிப்பு குறையும். பேசுபவர் திரைக்கு அருகில் நின்றுகொண்டு, கூட்டத்துக்கு மேலாகக் கையை நீட்டி, கூரையில் தொங்கும் புரொஜெக்டரைக் குறிபார்த்துக்கொண்டிருப்பதை எல்லா அரங்குகளிலும் காணலாம். அது தேவையில்லை. ரிமோட்டைத் திரையை நோக்கிக் காட்டினாலே போதும். திரை அகச்சிவப்பையும் சிதறடிக்கும், அதில் ஒரு பங்கு புரொஜெக்டரின் முன்பக்க உணரிக்குப் போய்ச் சேரும். புரொஜெக்டர் எங்கே இருந்தாலும் அதன் முகம் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதே இந்த உத்தியின் அடிப்படை.

எட்டாமல் போவதற்கும் காரணங்கள் உண்டு. சன்னல் வெயில் நேராக உணரியில் விழுந்தால், துடிப்பைப் பிரித்தறியும் வடிகட்டி இருந்தும் உணரி கண்கூசிப் போகும். எலக்ட்ரானிக் சோக் போட்ட டியூப்லைட்டுகளும் சிஎஃப்எல் விளக்குகளும் பல்லாயிரம் ஹெர்ட்ஸ் வேகத்தில் துடிப்பவை; அவற்றின் வேகம் 38 கிலோஹெர்ட்ஸை ஒட்டி வந்து, விளக்கும் உணரிக்குப் பக்கத்திலேயே இருந்தால் ரிமோட்டின் பேச்சு அந்த இரைச்சலில் அமுங்கிவிடும். ஒரு டியூப்லைட்டை அணைத்ததும் ரிமோட் உயிர்பெறுவது தற்செயல் அல்ல. இன்னொன்று, பல மாடல்களில் முன் உணரியையோ பின் உணரியையோ மெனுவிலேயே அணைத்து வைக்கலாம். யாரோ எப்போதோ அணைத்துவிட்டுப் போயிருந்தால், புதுப் பேட்டரி போட்டும் பயனிருக்காது.

இனி பொத்தான்கள். எல்லாவற்றிலும் பெரிய கதை பவர் பொத்தானுக்குப் பின்னால் இருக்கிறது. புரொஜெக்டரை எரியவிட ஒருமுறை அழுத்தினால் போதும். அணைக்க அழுத்தினாலோ 'நிச்சயமாக அணைக்கவா?' என்று திரையில் கேட்கும். இரண்டாம் முறை அழுத்தினால்தான் அணையும். அதன் பிறகும் சில மாடல்களில் ஓரிரு நிமிடங்களுக்கு விசிறி மட்டும் இரைந்துகொண்டிருக்கும், காட்டி விளக்கு சிமிட்டிக்கொண்டிருக்கும். அலுவலக உதவியாளர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இது வெறும் தொந்தரவாகத் தெரிகிறது. காரணம் விளக்கின் உள்ளே இருக்கிறது.

விளக்கு வைத்த புரொஜெக்டர்களில் எரிவது உயர் அழுத்தப் பாதரச விளக்கு. பிலிப்ஸ் நிறுவனம் 1990களின் நடுவில் கொண்டுவந்த இந்த வகை விளக்கில், குவார்ட்ஸ் குமிழுக்குள் இரண்டு டங்ஸ்டன் முனைகள் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் இடைவெளியில் எதிரெதிரே நிற்கின்றன. அந்த இடைவெளியில் மின்வில் எரிகிறது. ஒளி ஒரு புள்ளியிலிருந்து புறப்பட்டால்தான் லென்ஸால் அதைச் சிந்தாமல் திரையில் சேர்க்க முடியும். அதற்காகவே அவ்வளவு சிறிய இடைவெளி. எரியும்போது உள்ளே பாதரச ஆவியின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப் போல 200 மடங்குக்கு ஏறும். குவார்ட்ஸ் சுவரின் வெப்பம் 1,000 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கும். விசிறி ஓயாமல் காற்றடித்துக் குமிழை அந்த எல்லைக்குள் வைத்திருக்கிறது.

இப்படி எரிந்துகொண்டிருக்கும் விளக்கை அணைத்த மறுநொடி மீண்டும் ஏற்ற முடியாது. குளிர்ந்த விளக்கில் பாதரசம் துளிகளாகச் சுவரில் ஒட்டியிருக்கும், உள்ளே அழுத்தம் குறைவு, மின்பொறி எளிதாகத் தாவும். சூடான விளக்கிலோ அடர்ந்த ஆவி நெருக்கிக்கொண்டு நிற்கும். அதைத் துளைத்துப் பொறி தாவ, வழக்கமான தொடக்க மின்னழுத்தம் போதாது. ஆவி குளிர்ந்து மீண்டும் துளியாகும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே கருத்தரங்கின் நடுவே ஒரு விரல் தவறிப் பட்டால் போகக்கூடியது ஒரு நொடி வெளிச்சம் அல்ல, சில நிமிடங்கள். இரண்டாம் அழுத்தம் அந்தச் சில நிமிடங்களுக்கான காவல். விசிறி நிற்கும்முன் பிளக்கைப் பிடுங்கினால், சூட்டைக் கொண்டுபோகக் காற்று இல்லாமல் விளக்கும் அதைச் சுற்றியுள்ள பாகங்களும் வெந்துபோகும். சில ஆயிரம் மணி நேரம் எரிய வேண்டிய விளக்கு முன்னதாகவே மங்குவதற்கு இது ஒரு பெரிய காரணம். மின்தடை அடிக்கடி வரும் ஊர்களில் புரொஜெக்டரை யுபிஎஸ்ஸில் இணைத்து வைப்பது வீண்செலவு அல்ல. கரண்ட் போய் அரை நிமிடத்தில் வந்தாலும் விளக்கு உடனே எரியாமல் போகலாம். அது பழுதல்ல, சூடு. லேசர் ஒளியில் இயங்கும் புதிய மாடல்களுக்கு இந்தக் கவலை இல்லை. அவை உடனே எரியும், உடனே அணையும், 20,000 மணி நேரம் வரை உழைக்கும் என்ற கணக்கில் செய்யப்படுகின்றன. ஆனால் பழக்கத்தை ஒட்டி அவற்றிலும் பலவற்றில் இரண்டு முறை அழுத்தும் வழக்கம் நீடிக்கிறது.

அடுத்து, மிகுதியாகப் பயன்படுத்தப்பட்டு மிகக் குறைவாகப் புரிந்துகொள்ளப்படும் பொத்தான் கீஸ்டோன். டார்ச்சைச் சுவருக்குச் சாய்வாகப் பிடித்தால் வட்டமாக விழ வேண்டிய ஒளி முட்டை வடிவில் நீளும். புரொஜெக்டரை அண்ணாந்து பார்க்க வைத்தாலும் அதுவே நடக்கிறது. மேலே போகும் கதிர்கள் கீழே போகும் கதிர்களைவிட அதிகத் தூரம் பயணிப்பதால் கூடுதலாக விரிகின்றன. செவ்வகம், மேலே அகன்று கீழே குறுகிய சரிவகமாகிறது. கல் வளைவுகளின் உச்சியில் செருகும் ஆப்பு வடிவக் கல்லை ஆங்கிலத்தில் கீஸ்டோன் என்பார்கள். வடிவம் ஒத்திருப்பதால் அந்தப் பெயர். பொத்தானை அழுத்தினால் கோணல் நேராகிறது. ஆனால் லென்ஸோ விளக்கோ நகரவில்லை. புரொஜெக்டர் தனக்குள் இருக்கும் படத்தையே எதிர்ப்பக்கமாகக் கோணலாக்கி, அகன்ற மேல்பக்கத்தைச் சுருக்கி வரைகிறது. இரண்டு கோணல்களும் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன.

இதற்கு ஒரு விலை உண்டு. 1024க்கு 768 புள்ளிகள் கொண்ட பலகத்தில் மொத்தம் 7,86,432 புள்ளிகள். சுருக்கி வரையும்போது ஓரத்துப் புள்ளிகள் சும்மா கிடக்கின்றன. மிச்சமுள்ள குறைந்த புள்ளிகளுக்குள் முழுப் படமும் திணிக்கப்படுகிறது. பெரிய தலைப்பில் இது தெரியாது. எக்செல் அட்டவணையின் சிறிய எண்களில் பளிச்சென்று தெரியும்: 8க்கும் 6க்கும் வித்தியாசம் தெரியாமல் குழையும், மெல்லிய கோடுகள் சில இடத்தில் தடித்தும் சில இடத்தில் மறைந்தும் போகும். திருத்திய படத்தைச் சுற்றிலும் மங்கலான சாம்பல் நிறச் சரிவகம் ஒன்று இருட்டு அறையில் கண்ணில் படும். சும்மா கிடக்கும் புள்ளிகள் வழியே கசியும் வெளிச்சம் அது. சரியான வைத்தியம் பொத்தானில் இல்லை. புரொஜெக்டரின் முன்கால்களைத் தூக்கி அண்ணாக்க வைப்பதைவிட, கருவியையே உயரமான மேசையில் மட்டமாக வைப்பது நல்லது. பெரும்பாலான மாடல்களின் லென்ஸ், மட்டமாக வைத்தாலே படம் தானாகச் சற்று மேல்நோக்கி விழும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. அப்படி வைத்த பிறகும் மிஞ்சும் சிறு கோணலுக்கு மட்டும் கீஸ்டோனை இரண்டு மூன்று தட்டுத் தட்டலாம்.

ஜூம் பொத்தானிலும் இதே குழப்பம் நிகழும். சிறிய மாடல்களில் படத்தின் அளவையும் கூர்மையையும் லென்ஸைச் சுற்றியுள்ள வளையங்களைக் கையால் திருகித்தான் மாற்ற வேண்டும். ரிமோட்டில் இருக்கும் ஜூம், படத்தின் ஒரு பகுதியை உருப்பெருக்கிக் காட்டுவது; வரைபடத்தின் ஒரு மூலையைக் காட்ட உதவும், மங்கலைச் சரிசெய்ய உதவாது.

பேசுபவருக்கு உண்மையில் பெரிய துணை இரண்டு பொத்தான்கள்: பிளாங்க், ஃப்ரீஸ். முதலாவது சில ரிமோட்டுகளில் ஏவி மியூட் என்று அச்சிடப்பட்டிருக்கும். அழுத்தினால் திரை இருண்டு, ஒலியும் நிற்கும். திரையில் வெளிச்சம் இருக்கும்வரை கண்கள் அங்கேயே போகும். ஆசிரியர் கரும்பலகையில் எதையோ வரைந்து விளக்க வேண்டும் என்றால் திரை இருண்டிருப்பதே உதவி. ஒன்றை மறக்கக் கூடாது: கணினியில் ஓடும் வீடியோ இதனால் நிற்பதில்லை. மீண்டும் திரையை எழுப்பும்போது கதை முன்னே போயிருக்கும். விளக்கும் பெரும்பாலான மாடல்களில் உள்ளே எரிந்துகொண்டேதான் இருக்கிறது, அதன் மணிக்கணக்கும் ஏறிக்கொண்டிருக்கிறது. எப்சன் மாடல்கள் பலவற்றில் இந்த ஏவி மியூட் பொத்தானை 5 விநாடி அழுத்திப் பிடித்தால் படம் தலைகீழாகத் திரும்பும். மேசையில் இருப்பதைக் கூரையில் கவிழ்த்து மாட்டும்போது படத்தை நேராக்குவதற்கான குறுக்குவழி அது. தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தவருக்கும் அதே வழிதான்: மறுபடி 5 விநாடி பிடித்தால் நேராகிவிடும்.

ஃப்ரீஸ் வேறு வகை. புரொஜெக்டர் தனக்கு வந்த கடைசிப் படத்தை நினைவகத்தில் பிடித்துவைத்து அதையே காட்டிக்கொண்டிருக்கும். பின்னால் கணினியில் என்ன நடந்தாலும் திரை அசையாது. ஒரு வினா திரையில் நிற்க, மாணவர்கள் அதை எழுதிக்கொண்டிருக்க, ஆசிரியர் அடுத்த கோப்பைத் தேடலாம், கடவுச்சொல் தட்டலாம், மின்னஞ்சலைத் திறந்து ஒரு படத்தை எடுக்கலாம். தனிப்பட்ட விஷயங்கள் நூறு பேர் முன் விரியாமல் காப்பது இந்தப் பொத்தான். ஆனால் அழுத்தியதை மறந்துவிட்டால் அடுத்த ஸ்லைடு வராது. கணினி உறைந்துவிட்டது என்று நினைத்து ரீஸ்டார்ட் செய்பவர்கள் உண்டு. திரை அசையவில்லை என்றால் கணினியைத் தொடும்முன் ஃப்ரீஸை ஒருமுறை தட்டிப் பார்க்க வேண்டும்.

சோர்ஸ் பொத்தான், படம் எந்த வாயில் வழியே வருகிறது என்பதைத் தேர்ந்தெடுப்பது. எச்டிஎம்ஐ, விஜிஏ, யுஎஸ்பி என ஒவ்வொன்றாக மாறும்; சில மாடல்கள் தாமாகவே தேடிப் பிடித்துவிடும். சரியான வாயிலைத் தேர்ந்தெடுத்தும் 'சிக்னல் இல்லை' என்று வந்தால் ரிமோட்டை மேலும் அழுத்திப் பயனில்லை. கணினி இன்னும் படத்தை வெளியே அனுப்பத் தொடங்கவில்லை. விண்டோஸ் கணினியில் விண்டோஸ் விசையையும் பி விசையையும் சேர்த்து அழுத்தி, 'டூப்ளிகேட்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஸ்லைடைப் புரட்டும் பக்க மேல், பக்கக் கீழ் பொத்தான்கள் ஒரு பழைய ஏக்கத்தின் மிச்சம். கோடாக் நிறுவனம் 1961இல் வெளியிட்ட 'கரோசல்' ஸ்லைடு புரொஜெக்டரிலேயே, வயரில் இணைந்த சிறு கைப்பிடியால் அடுத்த ஸ்லைடுக்கும் முந்தைய ஸ்லைடுக்கும் போக முடிந்தது. அதில் ஸ்லைடுகள் புரொஜெக்டரின் தலைமேலேயே வட்டத் தட்டில் அடுக்கப்பட்டிருந்தன. இன்றோ ஸ்லைடுகள் கணினிக்குள் இருக்கின்றன. புரொஜெக்டர் வெறும் வெளிச்சம் போடுகிறது. புரொஜெக்டருக்குப் போகும் கட்டளை கணினிக்கு எப்படித் தெரியும்? இரண்டுக்கும் நடுவே யுஎஸ்பி கேபிள் ஒன்று இருந்தால் தெரியும். படம் கணினியிலிருந்து எச்டிஎம்ஐ வழியே வருகிறது. ரிமோட் சொன்னது புரொஜெக்டரிலிருந்து யுஎஸ்பி வழியே கணினிக்குத் திரும்பிப் போகிறது, மவுஸ் அழுத்தியதுபோல. அந்த இரண்டாவது கேபிளைப் பலர் செருகுவதே இல்லை. பொத்தான் வேலை செய்யவில்லை என்று ரிமோட்டைக் குறை சொல்கிறார்கள்.

கேபிள் வேண்டாம் என்றால் தனியாக விற்கும் பிரசன்டர் கருவி இருக்கிறது. அதன் சிறு டாங்கிளைக் கணினியில் செருக வேண்டும். அது ஒளியால் பேசுவதில்லை, 2.4 கிகாஹெர்ட்ஸ் வானொலி அலையால் பேசுகிறது. சுமார் 12.5 சென்டிமீட்டர் நீளமுள்ள அந்த அலை சட்டைப் பையையும் மேசைப் பலகையையும் கடந்து போகும், குறிபார்க்கத் தேவையில்லை. ஆனால் புரொஜெக்டரை அணைக்கவோ கோணலைத் திருத்தவோ அதனால் முடியாது. இரண்டும் இரு வேறு கருவிகளுக்குக் கட்டளையிடுபவை என்பதால், ஒன்று இருக்கிறது என்று மற்றொன்றை வீட்டில் விட்டுவரக் கூடாது. ரிமோட்டிலோ பிரசன்டரிலோ லேசர் சுட்டி இருந்தால், அது 1 மில்லிவாட்டுக்கு மிகாத இரண்டாம் வகுப்பைச் சேர்ந்ததா என்று லேபிளில் பார்க்க வேண்டும். அந்த அளவுக்குள் இருந்தால் கண் தானாக மூடிக்கொள்ளும் கால் விநாடி போதும், தீங்கு நேராது. அதைவிட வலுவானது குழந்தைகள் உட்கார்ந்திருக்கும் அறைக்குள் வரவே கூடாது.

பெரிய அரங்குகளில் ஒரே மாடல் புரொஜெக்டர்கள் இரண்டு, இடப்பக்கம் ஒன்றும் வலப்பக்கம் ஒன்றும் இருக்கும். இரண்டின் முகவரியும் ஒன்றே. ரிமோட்டின் ஒளி அறை முழுக்கச் சிதறுவதால் இரண்டும் கேட்கும். ஒன்றை எரியவிட அழுத்தினால் ஏற்கெனவே எரிந்துகொண்டிருக்கும் மற்றது 'நிச்சயமாக அணைக்கவா?' என்று கேட்கும். இதற்காகப் பல மாடல்களில் ஐடி எண் என்ற வசதி உண்டு. மெனுவில் ஒரு புரொஜெக்டருக்கு 1, மற்றதற்கு 2 என்று கொடுத்துவிட்டு, ரிமோட்டிலும் எண்ணைத் தேர்ந்தெடுத்தால் அந்தந்தக் கட்டளை அந்தந்தக் கருவிக்கு மட்டும் போகும். ஒரு ரிமோட் திடீரென்று எதற்குமே அசையாமல் போனால் இந்த எண் மாறிப்போயிருக்கிறதா என்றும் பார்க்கலாம்.

மிச்சம் இருப்பது பராமரிப்பு. ரிமோட்டுக்குள் 1.5 வோல்ட் பேட்டரிகள் இரண்டு. எல்இடி எரியும் அந்தக் கணங்களில் மட்டும் அவை நிறைய மின்னோட்டம் தர வேண்டும். பேட்டரி தளரும்போது ரிமோட் ஒரேயடியாக நிற்காது. முதலில் எட்டும் தூரம் குறையும். கடைசி பெஞ்சிலிருந்து வேலை செய்தது, பிறகு நடு வரிசையிலிருந்து, பிறகு புரொஜெக்டருக்குக் கீழே போய் நின்றால்தான். இந்த வரிசையைக் கண்டால் பேட்டரியை மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது. இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பழையதும் புதியதும் கலந்தால் பழையது முற்றிலும் வடிந்து கசியத் தொடங்கும். அல்கலைன் பேட்டரியிலிருந்து கசிவது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. வெளியே வந்து காற்றிலுள்ள கரியமில வாயுவுடன் சேர்ந்து வெள்ளைப் பொடியாக உறைந்து, ஸ்பிரிங்கை அரிக்கும். பஞ்சில் கொஞ்சம் வினிகரைத் தொட்டுத் துடைத்தால் அது கரையும். வெறுங்கையால் தொடாமல் இருப்பது நல்லது. குறிப்பிட்ட சில பொத்தான்கள் மட்டும் பிடிக்கவில்லை என்றால் கார்பன் வட்டத்தில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறியிருக்கும். மூடியைத் திறந்து ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் மெதுவாக ஒற்றியெடுத்தால் போதும்; அழுத்தித் தேய்த்தால் கார்பனே உதிர்ந்துவிடும்.

மேசையில் இருக்கும் புரொஜெக்டருக்கு ரிமோட் தொலைந்தால் அதன் மேல்மூடியில் உள்ள பொத்தான்களால் சமாளிக்கலாம். ஸ்மார்ட் வகுப்பறைகளில் கூரையிலிருந்து தொங்கும் புரொஜெக்டருக்கு அந்தப் பொத்தான்கள் எட்டாத உயரத்தில் இருக்கின்றன. அங்கே ரிமோட்தான் ஒரே கை. ஆகவே அதைப் பீரோவில் பூட்டி வைப்பது சரி. கோடை விடுமுறைக்குப் பள்ளியைப் பூட்டும்முன் பேட்டரிகளைக் கழற்றி, ஓர் உறையில் போட்டு, ரிமோட்டோடு ரப்பர் பேண்டால் கட்டி வையுங்கள். ஜூன் மாதம் திறக்கும்போது முதல் அழுத்தத்திலேயே விளக்கு எரியும்.